கசிவை அடைத்த தச்சர்: ஜோசப் பிராமா



வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் ஊர் உள்ளவங்களுக்கு இது பழகிப்போன காட்சி. மல்லாட்டைக் கொல்லை ஓரமா ஒரு போர் லாரி வந்து நிற்கும். வந்த உடனே யாரும் துளை போட மாட்டாங்க. முதலில் லாரிக்கு அடியிலிருந்து இரும்புக் கால்கள் இறங்கும். ஒருத்தர் ஓடிப்போய் அந்தக் கால்களுக்குக் கீழே மரக்கட்டைகளைப் போடுவார். இன்னொருத்தர் ஒரு லீவரைத் தள்ளுவார். அவ்வளவு கனமான லாரி மெதுவா எழும்பி, மேடு பள்ளம் எதுவும் தெரியாத மாதிரி மட்டமா நிற்கும். லாரி சாய்ந்தால் துளை சாயும். துளை சாய்ந்தால் கேசிங் பைப்பும் ஒழுங்கா இறங்காது, மோட்டாரும் இறங்காது. அதனால் மட்டம் பார்த்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம்.

இதே கால்களை இப்போ வேறொரு வண்டியிலும் பொருத்துறாங்க. வேனையோ பஸ்ஸையோ வீடாக மாற்றி ஊர் சுற்றுகிறவர்கள், அந்த மோட்டார் ஹோமின் நாலு மூலையிலும் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துக்கொள்கிறார்கள். நிறுத்துற இடம் எங்கேயும் மட்டமா இருக்காது. படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறும், தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமா ஒதுங்கும், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சரியா குளிராது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கடையில் கிட்டாக வாங்கி தாங்களே மாட்டிக்கொள்கிறவர்களும் வெளிநாடுகளில் நிறைய உண்டு. நம்ம மெக்கானிக்கல் மக்களுக்கு இது ஒரு அருமையான புராஜெக்ட்.

அந்த நாலு கால்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். டிகிரி கிடையாது, காலேஜ் வாசலை மிதித்ததில்லை, ஒரு கால் வேறு சரியில்லை. அவர் பெயர் ஜோசப் பிராமா. புராஜெக்ட்டில் கை வைக்கும் முன்னால் அவர் கதையை ஒரு தடவை படிச்சிடுங்க. ஏன் என்று கடைசியில் புரியும்.

கால் போச்சு, தொழில் மாறிச்சு

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பார்ன்ஸ்லி என்று ஒரு ஊர். அதன் பக்கத்தில் உள்ள ஸ்டெயின்பரோவில் 1748-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிராமா பிறந்தார். அப்பாவைப் போல ஏர் பிடிக்க வேண்டிய பையன். 16 வயதில் ஒரு விபத்தில் கணுக்காலில் பலத்த அடி. அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. நாள் முழுக்க வயலில் நின்று வேலை செய்ய முடியாது என்றானதும், வீட்டில் அவரை உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் வேலை கற்க அனுப்பினார்கள்.

தச்சு வேலை அவர் கைக்கு நன்றாக வந்தது. தொழில் பயிற்சி முடிந்ததும் லண்டனுக்குப் போய் மேஜை, அலமாரி செய்யும் பட்டறையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, பணக்காரர் வீடுகளில் புதிதாக வந்துகொண்டிருந்த ஃபிளஷ் கழிப்பறைகளைப் பொருத்துவது.

சிரிக்காதீங்க. அவர் வாழ்க்கை திரும்பினது அங்கேதான்.

அந்தக் காலத்துக் கழிப்பறைத் தொட்டியின் அடியில் தட்டு போல நகர்கிற ஒரு வால்வு இருந்தது. அது சரியாக மூடாது, கசியும். லண்டன் குளிரில் தண்ணீர் உறைந்துபோனால் நகரவே நகராது. நகர்கிற தட்டை எடுத்துவிட்டு, கீல் வைத்த மூடி ஒன்றைக் கொண்டு அடைக்கும் அமைப்புக்கு 1778-ல் பிராமா காப்புரிமை வாங்கினார். அதைச் செய்து விற்கச் சொந்தமாகப் பட்டறையும் போட்டார். அது நன்றாகப் போனது.

தண்ணீர் எங்கே கசிகிறது, அதை எப்படி நிறுத்துவது? அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வி இதுதான். அடுத்து வந்த பெரிய வேலைகளில் பாதி, ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

பூட்டும் ஒரு 18 வயதுப் பையனும்

1784-ல் பிராமா ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். குழாய் மாதிரி இருக்கும் சாவி. அதன் முனையில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். பூட்டுக்குள்ளே வட்டமாக அடுக்கிய மெல்லிய தகடுகள். ஒவ்வொரு தகடும் சரியான ஆழத்துக்குப் போனால்தான் பூட்டு திரும்பும். காகிதத்தில் அருமையான டிசைன். செய்யறதுதான் கஷ்டம். அரத்தால் ராவி ராவிச் செய்தால் ஒரு பூட்டு முடியவே நாள்கணக்கு ஆகும், ஒன்று போல இன்னொன்று அமையாது. அந்த விலைக்கு யார் வாங்குவாங்க?

அப்போது யாரோ ஒரு பையனைப் பற்றி அவரிடம் சொன்னார்கள். ஹென்றி மாட்ஸ்லே, வயது 18. 12 வயதிலேயே வூலிச்சில் இருந்த ராணுவ ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் வேலைக்குப் போனவர். பிறகு தச்சுப் பட்டறை, அங்கிருந்து கொல்லுப் பட்டறை. பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. இரும்பு மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. 1789-ல் பிராமா அவரைச் சேர்த்துக்கொண்டார். சீக்கிரமே மாட்ஸ்லே பட்டறையின் மேஸ்திரி ஆனார். பூட்டின் பாகங்களைக் கையால் ராவாமல் ஒரே அளவில் வெட்டித் தள்ளும் இயந்திரங்களை அவர் செய்து கொடுத்தார்.

பூட்டு மீது பிராமாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. லண்டன் பிக்காடில்லி தெருவில் இருந்த கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. இறந்து 37 வருஷம் கழித்து, 1851-ல் லண்டன் பெரும் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி அதைத் திறந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்த பிறகு!

பாஸ்கல் எழுதினார், ஆனா இயந்திரம் வரலை

இப்போ நம்ம ஜாக்கிக்கு வருவோம். பாஸ்கல் விதி எல்லாருக்கும் தெரியும். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். பாஸ்கல் இதை எழுதிய நூல், அவர் இறந்த மறு வருஷம், 1663-ல் வெளியானது. சின்ன பிஸ்டனை அழுத்தினால் பெரிய பிஸ்டன் பெரிய எடையைத் தூக்கும் என்பதும் அதிலேயே இருக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். அது 2 டன், அதாவது 2000 கிலோ தூக்க வேண்டுமானால், சதுர சென்டிமீட்டருக்கு 102 கிலோ அழுத்தம் வேணும். பம்ப்பின் பிஸ்டன் விட்டம் 1 சென்டிமீட்டர் என்றால் அதை அழுத்த 80 கிலோ விசை போதும். அதோடு 10 மடங்கு லீவர் சேர்த்தால் வெறும் 8 கிலோ. ஒரு ஸ்கூல் பையன் அழுத்தினாலே 2 டன் எழும்பும். இதற்கு நாம் கொடுக்கும் விலை தூரம். பெரிய பிஸ்டன் 1 சென்டிமீட்டர் ஏற, சின்ன பிஸ்டன் மொத்தம் 25 சென்டிமீட்டர் நகர வேண்டும். ஆற்றல் இலவசமா எங்கேயும் கிடைக்காது.

விதி 1663-ல் அச்சில் வந்துவிட்டது. பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795-ல். நடுவில் 132 வருஷம்! எல்லாரும் படித்தார்கள், தலையாட்டினார்கள். இயந்திரம் மட்டும் வரவில்லை. ஏன்?

கசிவு. அவ்வளவுதான் காரணம்.

ஒரு தோல் துண்டு

பிஸ்டன் நகரணும்னா அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தத்தில் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். அன்றைக்கு இருந்த வழி, பிஸ்டனைச் சுற்றிப் பொதி வைத்துத் திருகி இறுக்குவது. கசிவு நிற்கிற அளவுக்கு இறுக்கினால் பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தை எடுத்த பிறகும் கீழே இறங்காது. தளர்த்தினால் தண்ணீர் கொட்டும். பிராமாவின் முதல் பிரஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

இதை அவிழ்த்தவர் மாட்ஸ்லேதான் என்பது, பின்னாளில் அவரிடம் வேலை பார்த்த பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் சொன்ன செய்தி. வழி ரொம்ப எளிமையானது. நம்ம ப என்ற எழுத்தைத் தலைகீழாக நினைச்சுக்கோங்க. வளையமாக வெட்டிய தோலை அந்த வடிவத்தில் மடித்து, திறந்த வாய் கீழே, அழுத்தம் வருகிற பக்கம் பார்த்தபடி பிஸ்டனைச் சுற்றி உட்கார வைத்தார். தண்ணீர் ஏறி வந்து அந்த வாய்க்குள் புகுந்ததும் தோலின் இரண்டு உதடுகளும் விரியும். ஒன்று பிஸ்டனை ஒட்டும், இன்னொன்று சிலிண்டரை ஒட்டும். அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். அழுத்தத்தை எடுத்தால் உதடுகள் தளரும், பிஸ்டன் சுலபமாக இறங்கும்.

எந்தத் தண்ணீர் வெளியே ஓடப் பார்த்ததோ, அதே தண்ணீரையே அடைப்பாக மாற்றிவிட்டார்கள். 132 வருஷம் காத்திருந்த விதிக்கு ஒரு தோல் வளையம் வழி விட்டது. இன்றைக்கு போர் லாரி, ஜேசிபி, டிப்பர் எதன் சிலிண்டரைப் பிரித்தாலும் உள்ளே இதே வடிவத்தில் ஒரு சீல் இருக்கும். தோலுக்குப் பதில் ரப்பரோ பாலியூரித்தேனோ. தண்ணீருக்குப் பதில் எண்ணெய், ஏனென்றால் எண்ணெய் துருப்பிடிக்க விடாது, உராய்வையும் குறைக்கும்.

30 ஷில்லிங்

இந்தக் கதையில் மனசு கொஞ்சம் கசக்கிற இடம் இது.

மாட்ஸ்லே இதற்குள் கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டியோடு இருந்தார். மனைவி சாரா, பிராமா வீட்டில் வேலை பார்த்தவர். பட்டறையின் பெரிய மேஸ்திரி, பூட்டுக்கு இயந்திரம் செய்தவர், பிரஸ்ஸை ஓட வைத்தவர். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் நடத்தப் போதவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்று 1797-ல் கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வெளியே வந்து சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட்டார்.

பிறகு நடந்தது வரலாறு. துல்லியமாகத் திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தியதும், போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்குக் கப்பல் கப்பிகள் செய்யும் இயந்திர வரிசையைக் கட்டியதும் அவர்தான். நாஸ்மித், ஜோசப் விட்வொர்த், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்று ஒரு தலைமுறைப் பொறியாளர்களே அவர் பட்டறையிலிருந்து வந்தார்கள். இத்தனையும் பிராமாவின் கூரைக்குக் கீழே நடந்திருக்கலாம். வாரத்துக்குச் சில ஷில்லிங் மிச்சம் பிடிக்கப் போய் அவர் எதை விட்டார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பிராமா கெட்டவர் இல்லை. அவர் பட்டறை நல்ல வேலை கற்கிற இடமாகத்தான் இருந்தது. ஜோசப் கிளமென்ட் அங்கே தலைமை வரைவாளராக இருந்தவர். பின்னாளில் சார்லஸ் பாபேஜின் டிஃபரன்ஸ் எஞ்சினுக்குப் பாகங்கள் செய்ததும் இவர்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, உங்க வேரும் இந்தப் பட்டறையைத் தொட்டுக்கொண்டுதான் போகுது. ஆனால் இரும்புக்குள்ளே கசிவைக் கண்டுபிடித்த மனிதருக்கு, பட்டறையிலிருந்து ஆள் கசிவது கண்ணில் படவில்லை.

கடைசி வேலை

பிராமா ஓய்ந்து உட்காரவில்லை. நிலவறைப் பீப்பாயிலிருந்து பீரை மேலே ஏற்றும் பம்ப்புக்கு 1797-ல் காப்புரிமை. ரூபாய் நோட்டில் வரிசை எண் இருக்கிறதே, அது போல இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளுக்கு எண் அச்சடிக்கும் இயந்திரம் 1806-ல். 1778-லிருந்து 1812 வரை மொத்தம் 18 காப்புரிமைகள்.

1814 கடைசியில் ஹாம்ப்‌ஷயரில் இருந்த ஹோல்ட் காட்டில் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலை வந்தது. தன் ஹைட்ராலிக் பிரஸ்ஸையே அதற்குக் கொண்டுபோனார். 300-க்கும் மேற்பட்ட மரங்கள் பிடுங்கப்பட்டன. வயது 66. பட்டறையில் உட்கார்ந்துகொண்டு ஆளை அனுப்பியிருக்கலாம். கடும் குளிரில், சரியில்லாத காலோடு, தானே நின்று வேலையைப் பார்த்தார். குளிர் நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆனது. 1814 டிசம்பர் 9-ம் தேதி இறந்தார்.

கட்டையை மறக்காதவர்

அவர் போன பிறகும் பிரஸ் வளர்ந்துகொண்டே போனது. 1849-ல் வேல்ஸில் மெனாய் நீரிணை மேல் பிரிட்டானியா பாலம் கட்டினார் ராபர்ட் ஸ்டீபன்சன். ரயில் உள்ளே ஓடுகிற மாதிரி பெட்டி வடிவ இரும்புக் குழாய்கள், பெரியவை ஒவ்வொன்றும் 1500 டன்னுக்கும் மேல். படகில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸால் ஏறக்குறைய 100 அடி உயரத்துக்குத் தூக்க வேண்டும்.

ஸ்டீபன்சன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். குழாய் ஏற ஏற, அதற்குக் கீழே உடனுக்குடன் முட்டுக் கொடுத்துக்கொண்டே வரணும். வேலை மெதுவாகும், செலவும் ஆகும், பரவாயில்லை என்றார். 1849 ஆகஸ்ட்டில், குழாய் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, பிரஸ் சிலிண்டரின் அடிப்பாகம் வெடித்துப் பிய்ந்தது. 1500 டன் குழாய் சில அங்குலம் விழுந்து முட்டின் மேல் உட்கார்ந்தது. முட்டு இல்லாவிட்டால் பாலமே போயிருக்கும்.

நீங்க மாட்டப் போறீங்கன்னா

சரி, இப்போ புராஜெக்ட். வண்டியை மட்டப்படுத்த நாலு ஜாக்கி, 12 வோல்ட் மோட்டார் பம்ப், எண்ணெய்த் தொட்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு சோலினாய்டு வால்வு, சாய்வு காட்டும் சென்சார், ஒரு கன்ட்ரோலர். கோடிங் பண்ணறது சுலபம். அதற்கு முன்னால் இதெல்லாம் மனசில் இருக்கட்டும்:

1. ஜாக்கியை சேஸிஸில் நேராக வெல்டு வைக்காதீங்க, சூட்டில் இரும்பின் குணம் மாறிடும். மேல் கீழ் விளிம்பில் துளையும் போடாதீங்க, வளையும்போது அங்கேதான் அதிக விசை. பிராக்கெட் செய்து, நடுப்பட்டையில் உள்ள துளைகளில் உறுதியான போல்ட் போடுங்க.

2. ஒரு மூலையை மட்டும் தனியா தூக்காதீங்க. சேஸிஸ் முறுக்கிக்கும். முன் இரண்டு, பின் இரண்டு, அல்லது ஒரு பக்கத்து இரண்டு என்று ஜோடியாக ஏற்றுங்க.

3. பின் சக்கரம் தரையை விட வேண்டாம். பெரும்பாலான வேன்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். அது அந்தரத்தில் நின்றால் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி.

4. ஹோஸ் வெடித்தாலும் எண்ணெய் திரும்பி ஓடாதபடி, சிலிண்டரிலேயே பூட்டு வால்வு வையுங்க. பம்ப்பில் ரிலீஃப் வால்வு கட்டாயம்.

5. கசிவைக் கையால் தடவித் தேடாதீங்க. ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க.

6. கால் இறங்கியிருக்கும்போது வண்டி நகராதபடி எச்சரிக்கை பஸ்ஸர் வையுங்க. ரோட்டில் ஓட்டுகிற வண்டியில் மாற்றம் செய்ய ஆர்.டி.ஓ. அனுமதியும் வேணும்.

7. கடைசி, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்குக் கீழே யாரும் தலையை நுழைக்கக் கூடாது. கட்டை வையுங்க, ஸ்டாண்டு வையுங்க, பிறகு கீழே போங்க.

ஏழாவதைத்தான் நாம் முதலில் மறப்போம். டெமோ அன்றைக்கு எல்லாம் ஓடும், வைவாவில் மார்க்கும் வரும், ஒரு நாள் அவசரத்தில் ஒரு போல்ட்டை முறுக்க ஃபிரண்டு கீழே போவான். அந்த நேரம் அவன் உயிர், சில ரூபாய் விலையுள்ள ஒரு சீலின் உதட்டில் இருக்கும். பிராமாவின் கண்டுபிடிப்பு பெரியது. அது தேயும், கிழியும், வெடிக்கும் என்பதும் உண்மை. தூக்குவதற்கு மட்டும்தான் ஹைட்ராலிக். தாங்குவதற்குக் கட்டை.

இன்னொன்று. உங்க டீமில் அதிகம் பேசாமல், ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்து, ஓடாத ஒன்றை ஓட வைக்கிற ஒருத்தர் இருப்பார். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கான்னு பார்த்துக்கோங்க. இல்லைன்னா முதலில் அந்தக் கசிவை அடைங்க.